நான்கு பாட்டில் பால்

கலப்படப் பால் பிடிக்கிற வேலை என்றால் எல்லோர் மனதிலும் வருவது தொலைக்காட்சிக் காட்சிதான். கேன் கேனாகப் பாலைச் சாக்கடையில் கவிழ்ப்பார்கள், கடைக்குச் சீல் வைப்பார்கள், கூட்டம் வேடிக்கை பார்க்கும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பயிற்சிக்கு வந்தபோது எனக்கும் அதே எண்ணம்தான். கையில் கொடுக்கப்பட்டதோ ஒரு நூல்கண்டு, ஒரு துண்டு அரக்கு, கழுவிக் காயவைத்த நான்கு பாட்டில்கள். "மொதல்ல கட்டப் பழகும்மா. பாலைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார் சார்.

சார் பழைய காலத்து ஆள். 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் உணவு ஆய்வாளராக வேலையைத் தொடங்கியவர். 2006இல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்ட் 5 அன்று நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஓய்வுபெறப் போகிறவர். எங்கள் சுற்று அத்திப்பட்டில் தொடங்கும். வடசென்னை அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், இரண்டுக்கும் போய்வரும் லாரிகள், கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஷிஃப்டுக்கு வந்து இறங்கும் ஆட்கள் என்று இத்தனை பேருக்கும் விடியுமுன்னே டீ வேண்டும். அதற்கான பால் பாதி பாக்கெட்டில் வரும், மீதி மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து ஊர்களிலிருந்து கேனில் வரும். இன்னும் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் மெஸ்களும் ஓட்டல்களும். அங்கே பாலைவிடப் பன்னீரும் நெய்யும்தான் எங்களுக்கு வேலை வைக்கும்.

மாதிரி இரண்டு வகை. கண்காணிப்பு மாதிரி, ஊரின் நிலவரம் தெரிந்துகொள்ள எடுப்பது. அதன் முடிவை வைத்து யார்மீதும் வழக்குப் போட முடியாது. சட்டப்பூர்வ மாதிரி, வழக்குக்கென்றே எடுப்பது. நான் கற்றுக்கொண்ட தொழில் இந்த இரண்டாவதுதான்.

அது இப்படி நடக்கும். கடைக்காரரிடம் அடையாள அட்டையைக் காட்டி, மாதிரி எடுக்கப் போகிறோம் என்று எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதற்குப் படிவம் 5ஏ. சாட்சி ஒருவர் வேண்டும். எடுக்கும் பாலுக்குக் காசு கொடுத்து ரசீது வாங்க வேண்டும். கேன் பால் என்றால் அடிவரை நன்றாகக் கலக்கிய பிறகே மொள்ள வேண்டும். நிற்கிற பாலில் கொழுப்பு மேலே வந்துவிடும். மேலாக எடுத்தால் கடைக்காரருக்கு லாபம், அடியில் எடுத்தால் அவருக்கு அநியாயம். கலக்காமல் எடுத்த மாதிரி என்ற ஒரு வாதமே வழக்கை முடித்துவிடும்.

பிறகு அந்தப் பாலை நான்கு பங்காக நான்கு பாட்டிலில் ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் 500 மில்லி. ஒரு பாட்டில் உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். எங்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்து ஆய்வகம். இரண்டு பாட்டில் மாவட்ட நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நான்காவது, கடைக்காரர் விரும்பினால் அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்குப் போகும். குற்றம்சாட்டுகிறவன் எடுத்த அதே பாலில் ஒரு பங்கு குற்றம்சாட்டப்படுகிறவனுக்கும் உண்டு. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

மூடிய பாட்டிலைக் கெட்டித் தாளில் சுற்றி, நியமன அலுவலரின் கையெழுத்தும் குறியீட்டு எண்ணும் உள்ள சீட்டை அடியிலிருந்து மேலாகச் சுற்றி ஒட்ட வேண்டும். கடைக்காரரின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி தாளிலும் விழ வேண்டும். சீட்டைக் கிழித்தால் கையெழுத்தும் கிழியும். அதன்மேல் உறுதியான நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அரக்கு உருக்கி, தலையில் ஒன்று, அடியில் ஒன்று, உடம்பில் இரண்டு என்று குறைந்தது நான்கு முத்திரை. முடிச்சின்மேலும் அரக்கு விழ வேண்டும். முடிச்சை அவிழ்க்காமல் நூலை நெகிழ்த்தி எடுத்துவிட முடிந்தால் அந்தக் கட்டு செல்லாது. சார் என் கட்டுகளை வாங்கிப் பார்த்து, விரல் நுனியால் நூலை ஒரு பக்கமாகத் தள்ளுவார். நகர்ந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அத்திப்பட்டில் அரக்கு உருக்குவது தனி வித்தை. எண்ணூர்ப் பக்கத்துக் கடற்காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. பாதி உருகிய அரக்கில் முத்திரையை அழுத்தினால் எழுத்து தெளியாது, அதிகம் உருகினால் கரி படிந்து கறுத்துவிடும். பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் படுக்கவைத்து அதற்குள் திரியை ஏற்றுவது சார் காட்டிய வழி. முத்திரையை அரக்கில் வைப்பதற்கு முன் ஈரத்துணியில் ஒற்றிக்கொள்வதும் அவர் சொன்னதுதான். இல்லையென்றால் முத்திரையோடு அரக்கும் வந்துவிடும்.

பால் மாதிரியில் இன்னொரு படி உண்டு. கெடாமலிருக்க ஃபார்மலின் சேர்க்க வேண்டும். 25 மில்லிக்கு இரண்டு சொட்டு என்பது விதி. 500 மில்லிக்கு 40 சொட்டு, அதாவது 2 மில்லி. பாலில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று ஊரே பேசுகிறது, அதைப் பிடிக்கப் போகிற நாங்கள் பையிலேயே ஃபார்மலின் கொண்டுபோகிறோம். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. அதனால்தான் ஃபார்மலின் சந்தேகத்தைக் கையிலிருக்கும் சோதனைப் பெட்டியில் அங்கேயே பார்த்துவிட வேண்டும் என்பதில் சார் கண்டிப்பாக இருந்தார். சோதனைக் குழாயில் பாலை எடுத்து, ஃபெரிக் குளோரைடு கலந்த அடர் கந்தக அமிலத்தை ஓரமாக வழியவிட்டால், ஃபார்மலின் இருந்தால் இரண்டும் சேரும் இடத்தில் ஊதா வளையம் தெரியும். கிருமிச் சோதனைக்குப் போகும் மாதிரியில் ஃபார்மலின் கூடவே கூடாது. பனிக்கட்டியில் வைத்து ஓட வேண்டியதுதான்.

இவ்வளவு சடங்கு எதற்கு என்று கேட்டேன். சார் பதிலாகச் சொன்னது டெல்லி மாநகராட்சிக்கும் கீசா ராம் என்பவருக்கும் நடந்த வழக்கு. 1961இல் எடுத்த தயிர் மாதிரி. உள்ளூர்ப் பகுப்பாய்வில் தரம் குறைவு என்று வந்தது. வழக்குப் போடப் பல மாதம் ஆனது. குற்றம்சாட்டப்பட்டவர் தன் பங்கு மாதிரியை மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டபோது அது அழுகிப்போயிருந்தது. மறுசோதனை கேட்கும் அவருடைய உரிமை அரசின் தாமதத்தால் பறிபோனது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தது. தயிர் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போனது. இன்றைய சட்டம் நாள்கணக்கை இறுக்கி வைத்திருப்பதன் காரணம் எனக்கு அப்போது புரிந்தது. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அதை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், செய்தால் பாட்டில் பரிந்துரை ஆய்வகத்துக்குப் போகும். குற்றம் நடந்த நாளிலிருந்து பொதுவாக ஓராண்டுக்குள் வழக்கு தொடங்கிவிட வேண்டும்.

கட்டு நகராத நிலைக்கு வந்தபிறகுதான் பால்மானி கைக்கு வந்தது. லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டால் அடர்த்தி தெரியும். 27 டிகிரி வெப்பத்துக்கென்று அளவிட்ட கருவி அது, மீஞ்சூர் வெயிலில் திருத்தம் போடாமல் படித்தால் பொய் சொல்லும். தண்ணீர் சேர்த்தால் அளவு இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொழுப்பை எடுத்தால் அளவு ஏறும் என்பது பலருக்குத் தெரியாது. பாலாடையை எடுத்துவிட்டு அதற்கேற்ற அளவு தண்ணீரை ஊற்றினால் லாக்டோமீட்டர் பழைய இடத்திலேயே நிற்கும். அதனால் கொழுப்பைத் தனியாக அளக்க வேண்டும். கெர்பர் முறை: குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். அமிலம் மற்ற எல்லாவற்றையும் கரைத்துவிட, மையவிலக்கியில் சுற்றினால் கொழுப்பு தனியாக மேலே நிற்கும்.

இரண்டும் தெரிந்தால் கொழுப்பு நீங்கிய திடப்பொருள் கணக்கு. பால் கூட்டுறவுச் சங்கங்களில் எஸ்.என்.எஃப். என்பார்கள். லாக்டோமீட்டர் அளவை நான்கால் வகுத்து, கொழுப்பை 0.21ஆல் பெருக்கிக் கூட்டி, 0.36 சேர்த்தால் வந்துவிடும். அளவு 28, கொழுப்பு 4 என்றால் 7, 0.84, 0.36 ஆக 8.2. பசும்பாலுக்கு வேண்டியது 3.2 சதவீதம் கொழுப்பும் 8.3 சதவீதம் எஸ்.என்.எஃப்.பும். இந்தப் பால் 0.1 குறைகிறது. தண்ணீர் ஊற்றினார்களா, கோடையில் தீவனம் போதாமல் மாடே அப்படிக் கறந்ததா? "மாட்டைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாதும்மா. அதனால இந்தக் கணக்கைக் காட்டி யாரையும் திருடன்னு சொல்லாதே. சந்தேகம்னா மாதிரி எடு, கிண்டி சொல்லட்டும்" என்றார். பாக்கெட்டில் அந்தச் சாக்கும் கிடையாது. டோன்டு பால் என்று அச்சடித்தால் 3 சதவீதம் கொழுப்பு, 8.5 எஸ்.என்.எஃப். நிலைப்படுத்திய பாலுக்கு 4.5, 8.5. நிறைகொழுப்புப் பாலுக்கு 6, 9. ஆலை அளந்து கலந்து அடைத்த பால் அது, உறையில் உள்ளது உள்ளே இருந்தாக வேண்டும்.

மற்ற கலப்படங்களைச் சார் வேதியியலாகச் சொல்லித்தரவில்லை, நோக்கமாகச் சொல்லித்தந்தார். தண்ணீர் ஊற்றியதை மறைக்க மாவு, சர்க்கரை, உப்பு, யூரியா. வெயிலில் திரியாமலிருக்கச் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு. தண்ணீரில் எண்ணெய் பிரியாமலிருக்கச் சோப்புத்தூள். மாவுக்கு அயோடின் போட்டால் நீலம், சோடாவுக்கு ரோசாலிக் அமிலம் போட்டால் ரோஜாச் சிவப்பு. யூரியாவுக்குக் காட்டும் மஞ்சள் மட்டும் ஏமாற்றும். நல்ல பாலிலும் இயற்கையாக யூரியா உண்டு, லிட்டருக்கு 700 மில்லிகிராம் அளவுவரை சட்டமே ஒப்புக்கொள்கிறது. வெளிர் மஞ்சளைப் பார்த்துப் பதறக் கூடாது. பக்கத்தில் நல்ல பாலை வைத்து ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எந்தச் சோதனையை நாம் பெரிதாக நம்புகிறோமோ அதை ஏமாற்றவே கலப்படக்காரன் கற்றுக்கொள்வான். 2008இல் சீனாவில் நடந்தது அதுதான். புரதத்தை நைட்ரஜன் கணக்கில் அளந்தார்கள். நைட்ரஜன் நிறைந்த மெலமைனைப் பாலில் கலந்து, தண்ணீர் பாலைப் புரதப் பாலாகக் காட்டினார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள்.

இதைக் கேட்ட ஜோரில் எல்லாப் பாலும் விஷமாகத்தான் தெரிந்தது எனக்கு. அதைத் தெளியவைத்தது 2018இல் நாடு முழுக்க எடுத்த ஆய்வு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 6,432 மாதிரிகளைப் பார்த்தது. உடம்புக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12. ஆறில் ஹைட்ரஜன் பெராக்சைடு, மூன்றில் சோப்பு, இரண்டில் யூரியா, ஒன்றில் அமிலம் போக்கும் பொருள். ஆனால் 41 சதவீதம் ஏதாவது ஒரு தர அளவில் குறைவு. ஊரில் பேசுவது விஷத்தைப் பற்றி, ஊரில் நடப்பது பெரும்பாலும் கொழுப்பிலும் எஸ்.என்.எஃப்.பிலும் கைவைப்பது.

சட்டமும் அப்படித்தான் பிரிக்கிறது. தரம் குறைந்தது என்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். தப்புக் குறியீடு, அதாவது உறையில் சொன்னது ஒன்று உள்ளே இருப்பது வேறு என்றால் 3 லட்சம் வரை. இவை இரண்டையும் விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். பாதுகாப்பற்றது என்றால்தான் குற்றவியல் நீதிமன்றமும் சிறையும். உயிர் போயிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம், அபராதமும் 10 லட்சத்துக்குக் குறையாது. பழைய சட்டத்தில் எல்லாவற்றுக்கும் குற்றவியல் நீதிமன்றம்தான். அபராதத்தோடு விட்டுவிடுவது சலுகை என்று நினைத்தேன். சார் மறுத்தார். தண்ணீர் ஊற்றியவனுக்குச் சிறை என்றால் எந்த நீதிபதியும் தயங்குவார், வழக்கு வருஷக்கணக்கில் நிற்கும், கடைசியில் விடுதலைதான் என்றார்.

பேச்சுக்கும் மாதிரிக்கும் உள்ள தூரத்தைத் தமிழ்நாடே ஒருமுறை பார்த்தது. 2017 மே மாதம் அப்போதைய பால்வளத் துறை அமைச்சர் கே.டி.ராஜேந்திர பாலாஜி, தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள் என்றார். மக்கள் பயந்தார்கள். நிறுவனங்கள் நீதிமன்றம் போயின, ஆதாரமின்றி அவர்களைப் பற்றிப் பேசக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அமைச்சருக்கு இடைக்காலத் தடை விதித்தது. அமைச்சரானாலும் நான்கு பாட்டில் இருந்தால்தான் பேச்சு நிற்கும் என்பது அதில் எனக்குக் கிடைத்த பாடம்.

தப்புக் குறியீட்டைப் படிக்க எனக்கு அதிகக் காலம் பிடித்தது. அங்கே சோதனைக் குழாயைவிடக் கண்தான் கருவி. ஐஸ்கிரீம் பெட்டியில் பொடி எழுத்தில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றிருந்தால் அது தாவரக் கொழுப்பில் செய்தது. ஐஸ்கிரீம் என்று சொல்லிக்கொள்ளப் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் வேண்டும். இரண்டையும் விற்கலாம். ஒன்றை இன்னொன்றின் பெயரில் விற்கக் கூடாது. பன்னீரும் அப்படியே. உலர்ந்த எடையில் பாதியாவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். பாமாயிலும் பால்பவுடரும் சேர்த்துச் செய்த போலிப் பன்னீர், உறையில் உண்மையைச் சொன்னால் சட்டப்படி விற்பனைக்கு வரலாம். மொத்தக் கடையில் அந்த உறை இருக்கும். சிப்காட் ஓட்டலுக்கு வரும்போது உறை போய்விடும், மெனுவில் 'பன்னீர் பட்டர் மசாலா' மட்டும் நிற்கும். நெய் அடுக்கில் இன்னொரு விளையாட்டு: விளக்கேற்ற மட்டும் என்று மூலையில் அச்சடித்த பாட்டிலைச் சமையல் நெய்யோடு சேர்த்து அடுக்கியிருப்பார்கள்.

நெய்யில் வனஸ்பதியைக் கண்டுபிடிக்கும் பௌடோயின் சோதனை எனக்குப் பிடித்தமானது. வனஸ்பதி தயாரிப்பவர்கள் அதில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசே விதித்திருந்தது. நல்லெண்ணெய் இருந்தால் ஃபர்ஃபியூரலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பட்டதும் கருஞ்சிவப்பு நிறம் வரும். சட்டம் எதிரி முகாமில் முன்கூட்டியே ஒற்றனை வைத்த கதை இது. பாமாயிலிலோ விலங்குக் கொழுப்பிலோ அந்த ஒற்றன் இல்லை. அதற்கு வாயு நிறப்பகுப்பில் கொழுப்பின் கூறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

திருப்பதி லட்டு நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்ததாக எழுந்த விவகாரத்தில் பேசப்பட்ட 'எஸ் மதிப்பு' அப்படி வந்ததுதான். 2024 ஜூலையில் ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரிய ஆய்வகம் தந்த அறிக்கையில், மதிப்புகள் எல்லைக்கு வெளியே இருந்தன. மாட்டின் தீவனம், உடல்நிலை போன்ற காரணங்களாலும் தவறான முடிவு வரலாம் என்ற எச்சரிக்கையும் அதே தாளில் இருந்தது. செப்டம்பரில் அது அரசியல் மேடைக்கு வந்தபோது எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை. அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யிலிருந்து இருவர், ஆந்திரக் காவல்துறையிலிருந்து இருவர், உணவுப் பாதுகாப்பு ஆணையத்திலிருந்து ஒருவர் என ஐவர் குழு அமைத்தது. சார் அந்த அறிக்கையின் நகலை எனக்குக் கொடுத்து, அடிக்குறிப்பிலிருந்து மேலாகப் படிக்கச் சொன்னார்.

கடைக்காரர்களிடம் பேசுவதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம். அனல்மின் நிலைய கேட் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவர் கோபமாகக் கேட்டார்: "மேடம், பாக்கெட்டைப் பிரிச்சு ஊத்துறேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. சார் அவரிடம் பில் கேட்டார். இல்லை. "அண்ணே, யார்கிட்ட வாங்குனீங்கன்னு காட்டுற காயிதம் இருந்தா வழக்கு அவங்களைத் தேடிப் போகும். இல்லைன்னா உங்ககிட்டயே நிக்கும். நாளையிலேர்ந்து பில் வாங்குங்க." மாதிரி எடுத்துவிட்டு அவர் கடையிலேயே காசு கொடுத்து டீ குடித்தோம். அடுத்த தடவை போனபோது அரிசி டப்பாவுக்குப் பின்னால் கம்பியில் பில்கள் குத்தியிருந்தன.

திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு விசாரணைக்குச் சாருடன் போயிருந்தேன். எதிர்த் தரப்பு கேட்டதெல்லாம் தேதி, சாட்சி, முத்திரை, அறிக்கை எத்தனையாம் நாள் வந்தது என்பதுதான். பாலைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எல்லாவற்றுக்கும் தாள் இருந்ததால் அபராதம் உறுதியானது.

நான்கு பாட்டிலுக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. 2018 ஆய்வில் தமிழ்நாடு முதலிடம் பிடித்த ஒரு பட்டியல் உண்டு. அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு அளவுக்கு மேல் இருந்த 368 மாதிரிகளில் 88 நம்முடையவை. கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் எல்லை. காய்ச்சினாலும் அது போகாது. இதை யாரும் பாலில் கலக்கவில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, சோளத் தீவனம் ஆகியவற்றை மாடு தின்று பாலில் இறக்குகிறது. எங்கள் சோதனைப் பெட்டியில் அதற்கு நிறம் கிடையாது. எங்கள் சட்டத்தில் 'உணவு' என்பதன் வரையறையில் கால்நடைத் தீவனம் சேராது, ஆகவே புண்ணாக்கு மூட்டைக்கு நான் நோட்டீஸ் கொடுக்க முடியாது.

இப்போது பொன்னேரிப் பக்கம் சுற்றுப் போகும் நாட்களில் பால் ஊற்றும் நேரத்துக்குச் சங்கத்துக்குப் போய்விடுகிறேன். சாரைக் கேட்டதற்கு, "பையை வண்டியிலயே வச்சிட்டுப் போ" என்றார். பாட்டில் இல்லாமல் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. புண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் வைக்கச் சொல்கிறேன், மழை மாதத்தில் மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம் என்கிறேன், கட்டி பிடித்து நிறம் மாறியதை மாட்டுக்குக்கூட வைக்காதீர்கள் என்கிறேன். பால் ஊற்ற வந்த ஒரு அம்மா, "இதுக்கும் ஃபைன் உண்டா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நல்லா விவரமா சொல்லுங்க, எம் மருமகளையும் கூட்டியாரேன்" என்றார்.